மீட்டிங்கில் தூக்கம் கலைக்க ‘ஏழு வந்தால் தட்டு’

மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய மீட்டிங்கில் கண்கள் சொருக ஆரம்பித்தால், மூன்றே நிமிடம் ஒதுக்குங்கள். பொருள் எதுவும் வேண்டாம், 6 முதல் 12 பேர் போதும்.

எல்லோரும் எழுந்து வட்டமாக நிற்கட்டும். உட்கார்ந்தபடி ஆடினால் பாதிப் பலன்தான். ஒருவர் 1 என்று தொடங்க, அடுத்தடுத்தவர் தொடர வேண்டும். 7-ன் மடங்கோ, 7 என்ற இலக்கம் உள்ள எண்ணோ வந்தால் வாய் திறக்காமல் ஒரு கைதட்டல். 50 வரை போனால் 11 தட்டல்கள்: 7, 14, 17, 21, 27, 28, 35, 37, 42, 47, 49. பெரும்பாலும் சறுக்கும் இடம் 27, 28. அடுத்தடுத்து இரண்டு தட்டல் வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

தவறினால் மறுபடி 1. தவறியவரை வெளியே அனுப்பாதீர்கள். அனுப்பினால் அவர் போனை எடுத்துவிடுவார், ஆட்டத்தின் நோக்கமே போச்சு. மேனேஜரும் வட்டத்துக்குள் நிற்க வேண்டும், நடுவராக அல்ல.

சரியாக 7 பேர் இருந்தால் மடங்குகள் எல்லாம் ஒரே ஆளிடம் வந்து விழும். அப்போது தட்ட வேண்டிய எண்ணை 7-க்குப் பதில் 6 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். 14 பேர் என்றால் மடங்குகள் இரண்டே பேரிடம் மாறி மாறி விழும்.

ஆன்லைன் மீட்டிங்கில் வட்டம் கிடையாது. எண்ணைச் சொன்னவரோ தட்டியவரோ அடுத்தவர் பெயரைக் கூப்பிடட்டும். மைக் எல்லாம் முன்பே ஆனில் இருக்கட்டும்.

மூன்றாவது நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள், 50-ஐத் தொடாவிட்டாலும்.