ஃபேக்டரி ஃப்ளோர்ல சத்தம் இல்லன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு நினைக்காதீங்க

ஒரகடம் பக்கம் ஒரு பார்ட்ஸ் கம்பெனில நான் லைன் சூப்பர்வைசரா இருந்தப்போ எங்க மேனேஜர் மாசாமாசம் மீட்டிங்ல பெருமையா சொல்லுவாரு, நம்ம பிளான்ட்ல கம்ப்ளெயின்ட்டே வர்றதில்லன்னு. எப்படி வரும்? கேன்டீன் சாப்பாட்ட பத்தி வாய தொறந்த ஒரு பையன அடுத்த வாரமே தொடர்ந்து நைட் ஷிஃப்ட்ல போட்டாங்க, அத மொத்த லைனும் பாத்துட்டு இருந்துச்சு, அதுக்கப்புறம் யாரு பேசுவா? ஆளுங்க பேசாம இருக்கறத திருப்தின்னு எடுத்துக்கறதுதான் நான் பாத்ததுலயே பெரிய தப்பு.

2021 டிசம்பர்ல ஸ்ரீபெரும்புதூர்ல ஐபோன் செய்யற ஃபாக்ஸ்கான் கம்பெனில நடந்தது ஞாபகம் இருக்கா? ஹாஸ்டல் சாப்பாடு சேராம 150 பேருக்கு மேல பொண்ணுங்க ஆஸ்பத்திரிக்கு போனாங்க, போனவங்க எப்படி இருக்காங்கன்னு கூட தங்கியிருந்தவங்க நம்புற மாதிரி தகவல் போய் சேரல, இறந்துட்டாங்கன்னு வதந்தி பரவி ராத்திரி சென்னை பெங்களூரு ஹைவேல வந்து உக்காந்துட்டாங்க. மூடின பிளான்ட் 2022 ஜனவரி 12தான் திரும்ப ஓட ஆரம்பிச்சுது. தங்குற இடமும் சாப்பாடும் கான்ட்ராக்டர் பாத்துக்குவாருன்னு எந்த நிர்வாகமும் விட்டுடக்கூடாது, வேலை பாக்கறவங்களுக்கு அதுவும் கம்பெனிதான்.

இன்னொரு தப்பு, அவங்க கேக்கறத விட்டுட்டு வேற எதையோ குடுக்கறது. 2024ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஃபேக்டரில ஸ்ட்ரைக் 37 நாள் போச்சு. நடுவுல மாசம் 5000 ரூபா ஊக்கத்தொகை, நிறைய ரூட்டுக்கு ஏசி பஸ்ஸுன்னு ஒரு ஒப்பந்தம் வந்துச்சு, ஆனா ஸ்ட்ரைக்ல இருந்தவங்க எழுந்திருக்கல, ஏன்னா அவங்க முதல்ல கேட்டது நாங்க வச்சிருக்கற சங்கத்தோட பேசுங்கங்கறது. சங்கம் 2025 ஜனவரில பதிவாச்சு. பணம் வேணாம்னு யாரும் சொல்லமாட்டாங்க, ஆனா மரியாதைக்கு பதிலா பணத்த நீட்டினா அது கோவத்தத்தான் கூட்டும்.

சம்பள சிலிப்ப விளக்காம விடறதும் பெரிய விஷயம், இத யாரும் கண்டுக்கறதில்ல. போனஸ் சட்டப்படி குறைஞ்சது 8.33 சதவீதம், ஆனா கணக்கு முழு சம்பளத்து மேல வராது, அரசு வைக்கற ஒரு தொகை (பழைய 1965 போனஸ் சட்டத்துல அது மாசம் 7000 ரூபாயா இருந்துச்சு) இல்லன்னா குறைஞ்சபட்ச கூலி, எது அதிகமோ அதுதான் உச்சவரம்பு. இத சொல்லாம கவர்ல காச போட்டு குடுத்தா, 18000 வாங்கற பையன் அவன் சம்பளத்துக்கு கணக்கு போட்டு பாத்துட்டு ஏமாத்திட்டாங்கன்னு தீபாவளி பூரா புலம்புவான், நானே பாத்திருக்கேன். தீபாவளிக்கு முன்னாடி அரை மணி நேரம் போர்டுல எழுதி காட்டுங்க, போதும்.

கான்ட்ராக்ட் ஆளுக்கு வேற கலர் சட்டை, வேற கேன்டீன் வரிசைன்னு பிரிக்கறது பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல, நிறுத்துங்க.

சூப்பர்வைசர் வழியாவே எல்லாம் மேல வரும்னு நம்பாதீங்க. நானே சிலத மேல சொல்லாம மறைச்சிருக்கேன், என் லைனுக்கு கெட்ட பேரு வந்துடும்னு பயந்து. அப்புறம் வந்த ஒரு பிளான்ட் ஹெட் வாரத்துல ஒரு நாள் எங்களோடயே கேன்டீன்ல வரிசைல நின்னு அதே தட்டுல சாப்பிட்டாரு. மூணாவது வாரம் ஒரு அம்மா அவர்கிட்ட, சார், ரெண்டாவது ஷிஃப்ட் முடிஞ்சு பஸ் மெயின் ரோட்லயே இறக்கிவிட்டுடுது, ஊருக்குள்ள இருட்டுல நடந்து போக பயமா இருக்குன்னு சொன்னாங்க. அது எனக்கு ஒரு வருஷமா தெரியும்.