தீபாவளிச் சந்தைக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

தீபாவளிக்கு முந்தைய சனி, ஞாயிறு மாலையில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் சந்தைக்குள் குழந்தைத் தள்ளுவண்டியோடு நுழைந்தால் ஓரடி நகரவே பத்துப் பேரிடம் வழி கேட்க வேண்டியிருக்கும், அதனால் முடிந்தவரை வார நாளில் போங்கள். வார இறுதிதான் வாய்க்கும் என்றால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பெரும்பாலோர் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இறங்குவார்கள். நீங்கள் டௌன்டவுன் பாதையில் அடுத்த நிலையமான ரோச்சோரில் இறங்கி நடந்து வரலாம்.

போன வருஷம் என் சின்ன மகன் வளையல் கடை முன்னால் கையை விட்டுவிட்டான். ஐந்து நிமிடம்தான், ஆனால் உயிரே போய்விட்டது. இப்போதெல்லாம் வீட்டிலேயே அவன் மணிக்கட்டில் என் கைபேசி எண்ணைப் பேனாவால் எழுதி, அது வியர்வையில் அழியாமல் இருக்க மேலே ஒளிபுகும் டேப்பும் ஒட்டிவிடுகிறேன். தொலைந்தால் சந்திக்கும் இடம் இந்திய மரபுடைமை நிலைய அருங்காட்சியகத்தின் வாசல் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், கேம்பல் லேனிலேயே இருப்பதால் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். வெயிலில் பிள்ளைகள் வாடிப்போனால் உள்ளே போய்க் குளிர்ச்சியாக ஒரு மணி நேரம் சுற்றிப் பார்க்கலாம் (திங்கட்கிழமை மூடியிருக்கும்).

சாப்பாட்டைத் தேக்கா உணவங்காடியில் முதலிலேயே முடித்துவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை வழக்கம், குடை அவசியம்.

சரி, காலையில் போனால் தெருவின் தீபாவளி ஒளியூட்டை எப்படிப் பார்ப்பது? இருட்டியதும் சிராங்கூன் சாலை வழியாகப் போகும் மாடிப் பேருந்தில் ஏறி மேல்தளத்தில் முன்னால் உட்காருங்கள், தோரண விளக்குகள் கண்ணுக்கு நேரே வரும்.