முதல் பிரசவத்துக்கு முன் பிரசவ வகுப்பு வேண்டுமா? முடிவெடுக்கும் வழி

ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்த நாளிலிருந்து, முதல் முறை கருவுற்ற பெண்ணுக்கு இரண்டு விதமான அறிவுரைகள் வரத் தொடங்கும். "நாங்களெல்லாம் எந்த வகுப்புக்குப் போய்ப் பிள்ளை பெற்றோம்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். உடன் வேலை பார்க்கும் தோழியோ, பிரசவத்துக்குத் தயார்படுத்தும் வகுப்புக்குப் போனதால்தான் தனக்குச் சுகப்பிரசவம் ஆனது என்று உறுதியாகச் சொல்வார். இரண்டு பேச்சுமே அன்பினால் வருபவை. ஆனால் இவற்றில் எதை வைத்தும் முடிவெடுக்க முடியாது. உங்களுக்குத் தெரியாதது எது, பிரசவ அறையில் உங்கள் பக்கத்தில் நிற்கப் போகிறவர் யார், பிரசவம் எந்த மருத்துவமனையில் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகுதான் வகுப்பைப் பற்றி யோசிப்பதில் பொருள் இருக்கிறது.

இதை நான் என் தங்கையின் முதல் பிரசவத்தில் கற்றுக்கொண்டேன். அவளும் அவள் கணவரும் சென்னையில் ஆறு வாரம் வகுப்புக்குப் போனார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, வழக்கப்படி அவளை ஊருக்கு அழைத்து வந்துவிட்டோம். ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு வலி கண்டது. சூட்டு வலியாக இருக்கும் என்று அம்மா சீரகத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். தங்கை அதைக் குடித்துவிட்டு, தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில், ஒவ்வொரு வலியும் தொடங்கிய நேரத்தையும் அடங்கிய நேரத்தையும் எழுதிக்கொண்டே வந்தாள். 1.40, 1.52, 2.10 என்று முதலில் ஒழுங்கில்லாமல் இருந்த இடைவெளி, நான்கு மணிக்குள் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகச் சீரானது. ஒவ்வொரு வலியும் ஏறக்குறைய ஒரு நிமிடம் நீடித்தது. "இது சூட்டு வலி இல்லை அம்மா, கிளம்பலாம்" என்று அவள்தான் சொன்னாள். அந்தத் தெளிவு வகுப்பு கொடுத்தது; அதற்காக நான் இன்றும் அந்த ஆசிரியைக்கு நன்றியுடையவளாக இருக்கிறேன்.

ஆனால் மருத்துவமனைக்குப் போன பிறகு நிலைமை மாறியது. வலி வரும்போது இடுப்பின் கீழ்ப்பகுதியை எங்கே அழுத்த வேண்டும், மூச்சை எப்படி வெளிவிடச் சொல்ல வேண்டும், எந்த நேரத்தில் பேசாமல் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் பழகியிருந்தவர் அவள் கணவர். அவர் அப்போது சென்னையிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தார். பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையைத்தான் விடுவோம் என்றார்கள். உள்ளே போன எனக்கு, அவள் கையைப் பிடித்துக்கொள்வதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வகுப்பில் கற்ற பாதி, வாசலுக்கு வெளியேகூட வந்து சேரவில்லை.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, எந்த ஊரில் எந்த மருத்துவமனையில் பிரசவம் என்பதை முடிவு செய்துவிட்டு, அங்கே நேரில் போய்க் கேட்பதுதான். பிரசவ அறையில் துணைக்கு ஒருவரை அனுமதிப்பார்களா, அவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேளுங்கள். மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண் உறவினரை, முடிந்தால் தானும் பிள்ளை பெற்றவரை, அனுமதிக்கச் சொல்கிறது. தனிமைக்கு ஏற்பாடு உள்ள இடங்களில் கணவருக்கும் இடம் தருகிறது. நடைமுறை இடத்துக்கு இடம் வேறுபடுவதால், உங்கள் மருத்துவமனையின் பதில்தான் உங்களுக்கு முக்கியம். வலி வந்த பிறகு எழுந்து நடக்கலாமா, தண்ணீர் குடிக்கலாமா, வலியைக் குறைக்க முதுகில் போடும் எபிடூரல் ஊசி இரவிலும் கிடைக்குமா, முதல் பிரசவம் என்றால் எல்லோருக்கும் பிறப்புறுப்பின் வாயை வெட்டித் தையல் போடுவார்களா, அல்லது தேவைப்பட்டால் மட்டுமா, குழந்தையைப் பிறந்த உடனேயே தாயின் மார்பில் போடுவார்களா என்பவை மற்ற கேள்விகள். இவற்றைக் கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம். பொறுமையாகப் பதில் சொல்கிற மருத்துவரும் செவிலியரும் அமைந்துவிட்டால், வகுப்பின் வேலையில் பெரும்பகுதி கட்டணமில்லாமலே முடிந்துவிடும்.

அடுத்ததாக, வகுப்பிலிருந்து எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் சர்வதேச அமைப்பான காக்ரேன், பிரசவ வகுப்புகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பாய்வு 2007-இல் வெளிவந்தது; 9 ஆய்வுகளில் பங்கேற்ற 2,284 பெண்களின் விவரங்களைப் பார்த்தும், வகுப்பின் பலன் இன்னதென்று அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதே காக்ரேன் 2017-இல் வெளியிட்ட இன்னொரு மதிப்பாய்வு, பிரசவம் முழுவதும் ஒருவர் விலகாமல் உடனிருந்து துணை செய்வதைப் பற்றியது. 26 ஆய்வுகள், 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள். அப்படித் துணை கிடைத்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் அதிகமாகவும், சிசேரியன் குறைவாகவும், வலி நேரம் சற்றுக் குறைவாகவும் இருந்தன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: உங்களோடு பிரசவ அறைக்குள் வரப்போகிறவர் உங்களோடு வகுப்புக்கும் வருவாரானால், வகுப்பின் மதிப்பு பல மடங்கு கூடுகிறது. அது அம்மாவாகவோ, அத்தையாகவோ, அக்காவாகவோ, மாமியாராகவோ இருக்கலாம். கணவர் வருவது நல்லதுதான். ஆனால் அவரை உள்ளே விடாத மருத்துவமனை என்றால், பெண் துணையையும் ஒரு நாளாவது அழைத்துக்கொண்டு போங்கள்.

சுகப்பிரசவத்துக்கு உத்தரவாதம் தருவதாகச் சொல்லும் வகுப்பை நம்ப வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது 63.8 விழுக்காடு. அந்த எண்ணிக்கை மருத்துவமனையின் வழக்கம், மருத்துவரின் அணுகுமுறை, தாயின் உடல்நிலை, குழந்தையின் நிலை என்ற பலவற்றைச் சார்ந்தது. பயிற்சியைச் சரியாகச் செய்தால் சிசேரியனே வராது என்று கேட்டு நம்பிப் போன பெண், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறாள். அந்த வேதனையை ஒரு வகுப்பு விதைக்கிறது என்றால், அதற்குப் போகாமலிருப்பதே மேல். மருத்துவமனையையே எதிரியாகக் காட்டும் வகுப்பு இன்னும் ஆபத்தானது. யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில், 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு பெண் இரத்தப்போக்கினால் உயிரிழந்தார். பேறுகாலத்தில் தன்னம்பிக்கை வேண்டும். ஆனால் இரத்தப்போக்கைத் தன்னம்பிக்கையால் நிறுத்த முடியாது.

நல்ல வகுப்பை எப்படி அறிவது? பணம் கட்டும் முன் ஆசிரியையிடம் பேசிப் பாருங்கள். அவர் செவிலியரா, பிசியோதெரபிஸ்டா, மருத்துவரா, எங்கே பயிற்சி பெற்றவர் என்று கேளுங்கள். பிறகு, முதல் பிரசவம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று ஒரு கேள்வி போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே தீவிர வலிக்கட்டம் தொடங்குவதாகக் கொள்ள வேண்டும். முதல் பிரசவத்தில் அந்தக் கட்டம் பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டாது. அதற்கு முந்தைய கட்டம் எவ்வளவு நேரம் என்று வரையறுக்க முடியாது, பெண்ணுக்குப் பெண் மாறும். இதன் சாரத்தையாவது சொல்லத் தெரிந்தவர், "இரண்டு விரல்தான் திறந்திருக்கிறது" என்று கேட்டதும் நீங்கள் மனம் உடைந்துவிடாமல் உங்களைத் தயார்படுத்துவார். சிசேரியனைப் பற்றியும் வகுப்பில் பேசுவார்களா, சீம்பாலைப் பற்றியும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுப்பதைப் பற்றியும் சொல்லித் தருவார்களா என்பதையும் கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை, முதல் வாரப் பால்கட்டும் வலியையும் குழந்தையை மார்பில் சரியாகப் பொருத்துவதையும் பேசாத வகுப்பு அரைகுறையானது; பிரசவ வலி ஒரு நாளில் முடிகிறது, பால் கொடுப்பதில் வரும் தடுமாற்றம் பல நாட்கள் நீள்கிறது.

உடற்பயிற்சி இருக்கும் வகுப்பானால், உங்கள் மருத்துவரின் அனுமதி இல்லாமல் சேர வேண்டாம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், கருப்பை வாயில் தையல் போட்டவர்கள், இரத்தக் கசிவு கண்டவர்கள், இரத்த அழுத்தம் கூடியவர்கள் ஆகியோருக்கு இது கண்டிப்பான விதி.

காலத்தைப் பொறுத்தவரை, ஏழாம் மாதம், அதாவது 28-ஆவது வாரத்தை ஒட்டித் தொடங்குவது வசதி. அதற்கு முன் கற்றால் மறந்துவிடும். ஒன்பதாம் மாதத்தில் உட்கார்ந்து எழுவதே பாடாகிவிடும். நம் ஊரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: ஏழாம் அல்லது ஒன்பதாம் மாத வளைகாப்போடு பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். எனவே வகுப்பு எந்த ஊரில் என்பதை வளைகாப்புத் தேதியோடு சேர்த்தே யோசியுங்கள். தாய்வீட்டு ஊரிலேயே, முடிந்தால் பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனையிலேயே வகுப்பு இருந்தால், அதுவே முதல் தேர்வு. அங்கே சொல்லித் தருகிறவர்களே பிரசவத்தன்று அங்கே இருப்பார்கள். அறையும் முகங்களும் பழகியிருக்கும். இல்லையென்றால் இணைய வழி வகுப்பை அம்மாவோடு ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம்; ஆனால் கேள்வி கேட்டால் பதில் வருகிற நேரடி வகுப்பாக அது இருக்க வேண்டும்.

வகுப்பு உங்களுக்குக் கட்டாயம் உதவும் என்று நான் சொல்லக்கூடிய நிலைமைகள் உண்டு. பிரசவத்தை நினைத்தாலே தூக்கம் கெடுகிறது என்றால் போங்கள். உறவினர் அருகில் இல்லாத வெளிநாட்டிலோ வேறு மாநிலத்திலோ பிரசவம் என்றால் போங்கள். உடன் நிற்கப் போகிறவர் இதற்கு முன் ஒரு பிரசவத்தையும் பார்த்திராதவர் என்றால் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். மாறாக, மருத்துவக் காரணத்தால் சிசேரியன் தேதி குறிக்கப்பட்டிருந்தாலோ, ஓய்வில் இருக்கச் சொல்லியிருந்தாலோ, பால் கொடுப்பதைப் பற்றிய ஓர் அமர்வு மட்டும் போதும். கட்டணம் குடும்பத்துக்குப் பாரமானாலும் மனம் குன்ற வேண்டாம். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இயங்கும் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவுகளில் கர்ப்பிணிகளுக்கான பயிற்சிகளைக் கட்டணமின்றிச் சொல்லித் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பரிசோதனைக்குப் போகும் நாளில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் உங்கள் கேள்விகளை எழுதிக்கொண்டு போய்க் கேட்கலாம். தன் பகுதியில் நூற்றுக்கணக்கான தாய்மாரைக் கவனித்தவரின் பத்து நிமிடப் பேச்சு சாதாரணமானதல்ல.

வகுப்புக்குப் போனாலும் போகாவிட்டாலும் சில செய்திகள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல், கடுமையான தலைவலி, கண் மங்குதல், வலிப்பு, 37 வாரம் நிறையும் முன்பே வரும் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் சீரகத் தண்ணீருக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். மற்றபடி நிறைமாதத்தில் வலி வந்தால், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை வரும்போது கிளம்ப வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வீடு தொலைவில் இருந்தால் முன்னதாகவே வரச் சொல்வார்.

என் தங்கைக்கு இப்போது இரண்டாவது முறை ஆறாம் மாதம் நடக்கிறது. இந்த முறை அவள் வகுப்புக்குப் போகவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை என்னைத் தரையில் உட்காரவைத்து, என் கையை எடுத்துத் தன் இடுப்பின் கீழ்ப்பகுதியில் வைத்து, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள்.