பறவையைப் படமெடுக்கப் போகும்போது செய்யக் கூடாதவை

பறவையைக் கண்டதும் அதை நோக்கி நேராக நடப்பதுதான் புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் செய்யும் முதல் தவறு. வரப்பில் ஒரு கொக்கு நிற்கிறது. இன்னும் பத்தடி போனால் படம் நன்றாக வருமே என்று காலெடுத்து வைக்கிறோம். அது கழுத்தை நீட்டுகிறது. இன்னும் இரண்டடி. பறந்துவிடுகிறது. கேமராவில் மிஞ்சுவது முதுகும் வாலும்தான். கீழே சொல்லப்போகிற தவறுகளில் பாதி இந்த அவசரத்திலிருந்து வருபவை.

இரை தேடுவதைச் சட்டென்று நிறுத்துவது, கழுத்தை நீட்டுவது, தலையைச் சாய்த்து நம்மையே பார்ப்பது இவையெல்லாம் பறவை நம்மைக் கவனித்துவிட்டது என்பதற்கான அடையாளங்கள். கண்டதும் நின்றுவிட வேண்டும். அப்படியே உட்கார்ந்துவிட்டால் இன்னும் நல்லது. பத்து நிமிடம் ஆடாமல் அசையாமல் இருந்தால் பெரும்பாலும் அது பழையபடி மேயத் தொடங்கும்; சில நாள் நம் பக்கமே மேய்ந்துகொண்டு வரும். கார் இருந்தால் ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, உள்ளிருந்தே எடுக்கலாம். நடந்து வரும் ஆளைக் கண்டு ஓடும் பறவைகள் நிற்கிற வண்டியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, அரிசியோ பயறோ நிரப்பித் தைத்து, ஜன்னல் விளிம்பில் வைத்தால் லென்ஸ் ஆடாமல் உட்காரும். காருக்குள் கேமரா முக்காலியை (ட்ரைபாட்) வைத்துக்கொண்டு சிரமப்பட வேண்டியதில்லை.

கூடு விஷயத்தில் மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது என்பேன். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு சித்திரை மாதக் காலையில். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரி வற்றிக் கிடந்தது. ஆள்காட்டிப் பறவை ஒன்று தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. சரி, பறக்கும்போது நல்ல படம் கிடைக்கும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இருபது நிமிடம் ஆனது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆடு ஓட்டி வந்த ஆயா ஒருவர் தூரத்தில் நின்றபடியே, "தம்பி, அது முட்டை வச்சிருக்குது. நீ எழுந்து வந்தாத்தான் அது போயி உக்காரும்" என்றார். எங்கே ஆயா என்று கேட்டேன். கோலால் காட்டினார். என் காலிலிருந்து நான்கு முழம் இருக்கும். வெறும் மண்ணில் லேசான குழி; அதில் நான்கு முட்டைகள். களிமண் நிறத்தில் கறுப்புத் திட்டுகள். பக்கத்தில் கிடந்த கூழாங்கற்களுக்கும் அவற்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

கோடையில் தரையில் முட்டையிடும் பறவைக்கு அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது மட்டும் இல்லை, நிழல் கொடுப்பதும்தான். ஆள்காட்டி தண்ணீரில் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். அந்த ஈரம்தான் முட்டை வெந்துபோகாமல் காக்கிறது. நான் உட்கார்ந்திருந்த இருபது நிமிடமும் அந்த நான்கு முட்டைகளும் வெயிலில் கிடந்தன. எழுந்து கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, அது இறங்கி, நான்கு எட்டு ஓடி, நின்று, மறுபடி ஓடி, கடைசியாகப் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு அதைப் படமெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மரத்தில் இருக்கும் கூடு என்றால் வேறொரு ஆபத்து. கூட்டை மறைக்கும் இலையையும் குச்சியையும் படத்துக்காக ஒதுக்குகிறார்கள், சிலர் ஒடித்தே விடுகிறார்கள். நமக்குத் தெளிவாகத் தெரிகிற கூடு காக்கைக்கும் தெளிவாகத் தெரியும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கியோடு போவது மட்டும்தான் வேட்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கூடுகட்டும் பறவைகளைப் பார்க்க ஆசையா? வேடந்தாங்கலுக்குப் போங்கள். கார்த்திகையிலிருந்து மாசி வரை, ஏரியில் தண்ணீர் இருக்கும் வருடங்களில், நத்தைகுத்தி நாரையும் பாம்புத்தாராவும் கூழைக்கடாவும் நடு ஏரி மரங்களில் குடும்பம் நடத்துவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் அது. அங்கே போய்க் கை தட்டி நாரைக் கூட்டத்தைக் கிளப்பி, பறக்கும் படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இதே வகையில் சேர்வதுதான் செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பது. ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா என்று வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. ஐப்பசியில் சென்னையின் தோட்டங்களில்கூட வந்து இறங்கும், அவ்வளவு தூரம் பறந்த களைப்போடு. குரலைக் கேட்டதும் தன் இடத்துக்குப் போட்டிக்கு இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்துச் சருகைக் கிளறி இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வருகிறது. ஒருவர் பத்துத் தடவை, அடுத்து வருபவர் பத்துத் தடவை என்றால் அது எப்போது சாப்பிடும்?

அப்புறம் கேமரா சமாச்சாரம். வெள்ளைக் கொக்கில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். கேமரா எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக நினைத்துக்கொண்டுதான் வெளிச்சத்தை அளக்கிறது. கறுத்த தண்ணீருக்கு நடுவே சின்னதாகக் கொக்கு நின்றால், இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கு இறகு ஒன்றுகூடத் தெரியாமல் வெள்ளைத் தாளாகிவிடும். அதே கொக்கு படம் முழுக்க நிறைந்திருந்தால் தலைகீழாக நடக்கும்; வெள்ளை அழுக்கேறித் தெரியும். முதல் வகைக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, கொஞ்சம் குறைக்க வேண்டும், இரண்டாவதற்குக் கூட்ட வேண்டும். ஒரு படம் எடுத்ததும் திரையில் பெரிதாக்கி இறகுகள் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

ஐ.எஸ்.ஓ-வை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் திறனின் அளவை, கூட்டப் பயப்படுவது இன்னொரு தவறு. புள்ளி புள்ளியாக வருமே என்று 200-லேயே வைத்துக்கொண்டு, மங்கிய காலையில் 1/125 நொடி ஷட்டர் வேகத்தில் மீன்கொத்தி பாய்வதை எடுத்தால் நீலமாக ஒரு தீற்றல்தான் வரும். பறக்கும் பறவைக்கு 1/2000 தேவை, அதற்கு ஐ.எஸ்.ஓ 3200 ஆனாலும் ஆகட்டும். புள்ளியை வீட்டில் கணினியில் குறைத்துக்கொள்ளலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

நின்றபடியே எடுப்பதை விடுங்கள். உள்ளான் என்ற சின்ன நீர்ப்பறவை சேற்றில் நடக்கிறது என்றால் அதன் கண் இருக்கும் உயரத்துக்கு நம் லென்ஸும் இறங்க வேண்டும். சட்டை அழுக்காகும், பரவாயில்லை. காலை ஒன்பது மணிக்குமேல் சதுப்பிலும் உப்பளத்திலும் தூரத்துப் பறவையை எடுத்துப் படம் தெளிவாக இல்லையே என்று லென்ஸைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர். தரையிலிருந்து எழும் சூட்டில் காற்றே நெளியும்போது எந்த லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. விடிவதற்கு முன்னே போய்ச் சேருங்கள்.

பணம் சேர்த்து முதுமலை சஃபாரிக்குப் போய்ப் புலியை எடுத்தால்தான் படம் என்று நினைப்பதும் தவறு. வருடத்துக்கு இரண்டு நாள் பழக்கத்தில் கை பழகாது. தெருமுனை மின்கம்பியில் உட்காரும் கரிச்சானையும் முருங்கைப் பூவுக்கு வரும் தேன்சிட்டையும் தினமும் எடுத்துப் பாருங்கள். சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணை இருக்கிறது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்பு நிலம், பேருந்திலேயே போய்வரலாம். எடுத்த பறவையின் பெயர் தெரியாமல் விட்டுவிடாதீர்கள். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். நம் கொல்லைப்புறத்தில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலே போதும்.

வண்டலூர் உயிரியல் பூங்காவில் எடுத்ததை வண்டலூர் என்றே எழுதுங்கள். காடு என்று போடாதீர்கள்.

கடைசியாக, இடத்தைச் சொல்வது. ஆந்தை அடையும் பொந்து, பக்கிப் பறவை படுத்திருக்கும் பாறை, கூடு இருக்கும் மரம் இவற்றை ஊர் பெயரோடு போட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருபது கேமரா அங்கே நிற்கும். செல்போன் படத்துக்குள் இடக்குறிப்பு தானாகவே பதிவாகியிருக்கலாம்; பகிர்வதற்கு முன் அதை நீக்கிவிட வேண்டும். மாவட்டத்தின் பெயர் போதும். மேலே சொன்ன ஏரியின் பெயரை நான் எழுதாமல் விட்டதும் அதனால்தான். இந்த வருடமும் அங்கே ஆள்காட்டி இறங்கியிருக்கிறது, கரையில் நின்று பார்த்தேன்.