அந்தி மட்டுமே இருந்த ஊர்: யொரூபா கதையைத் தோட்டத்து மண்டபத்தில் நிழலாட்டமாகக் காட்டும் முறை

இந்தக் கதையை ஆடிக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தவறுகிறார்கள். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, "முதலில் ஒரே இருட்டு" என்கிறார்கள். நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் வழங்கும் இந்த வடிவத்தில் ஆதியில் இருட்டே கிடையாது. எந்நேரமும் அந்தி மங்கல்தான். வானத்துத் தெய்வமான ஒலோருன் சூரியனைச் செய்து ஓடவிட்ட பிறகு பகல் வந்தது. அது சாய்ந்ததால் இரவும் வந்தது. ஆகவே அந்தி, பகல், இரவு என்று மூன்று விதமாக வெளிச்சத்தைக் கையாளத் தெரிய வேண்டும். ஆட்டமே அதில்தான் இருக்கிறது.

கதை இவ்வளவுதான். மேலே வானம் ஒலோருனுடையது, கீழே தண்ணீர் ஓலோகுனுடையது. நடுவில் நிலம் உண்டாக்க விரும்பிய ஒபாதாலா என்ற தெய்வம், குறி சொல்லும் தெய்வமான ஒருன்மிலாவிடம் யோசனை கேட்டுக்கொண்டு பொற்சங்கிலியில் இறங்குகிறார். நத்தை ஓட்டில் மணல், வெள்ளைக் கோழி, கறுப்புப் பூனை, ஒரு கொட்டை ஆகியவற்றைக் கொண்டுவருகிறார். சங்கிலி தண்ணீர்வரை எட்டவில்லை. மணலைக் கொட்டிக் கோழியை விடுகிறார். அது சீய்த்த இடமெல்லாம் மேடும் பள்ளமுமாக நிலம் பரவுகிறது. அந்த இடம்தான் யொரூபா மக்களின் புனித நகரமான இஃபே. ஊன்றிய கொட்டை மரமாகிறது. பிறகு அகெமோ என்ற பச்சோந்தி மேலிருந்து நலம் விசாரிக்க வருகிறது. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் தேவலை என்ற செய்தியோடு திரும்புகிறது. சூரியன் வருகிறது. ஒபாதாலா கள் குடித்துத் தடுமாறும் பகுதி இதற்கப்புறம். பிள்ளைகளுக்கு இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நிலத்தை உண்டாக்கியவர் ஒடுடுவா என்று சொல்லும் வடிவமும் உண்டு. இரண்டையும் கலக்கக் கூடாது.

அந்தக் கொட்டைக்காக நம் ஊர்ப் பனைமரத்தை வரைந்துவிடாதீர்கள். அது பாமாயில் தரும் செம்பனை. அதன் தாய்மண் மேற்கு ஆப்பிரிக்கா. கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில் 1917-இல் வாணிக முறையில் நட்டதிலிருந்துதான் மலேசியாவில் பரவியது. சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்துப் பிள்ளைகளுக்குக் கதைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை. உதிர்ந்த பழம் ஒன்றைத் தோட்டத்தில் கேட்டு வாங்குங்கள்; கேட்காமல் பொறுக்கினால் திருட்டாகிவிடும். சதையைச் சுரண்டிக் கழுவினால் கறுப்புக் கொட்டை வரும். அதன் ஒரு முனையில் வழக்கமாக மூன்று கண்கள் இருக்கும்; முளை அதில் ஒன்றின் வழியாகத்தான் கிளம்பும். ஒருன்மிலாவின் இஃபா குறி பார்க்கும் முறையில் 16 கொட்டைகள் பயன்படுகின்றன, அதற்கு நாலு கண்ணோ மேலோ உள்ளவற்றைத் தேடி எடுப்பார்கள். ஆட்டத்துக்கு முன்பே கொட்டையைக் கைமாற்றிக் கொடுத்துக் கண்களை எண்ணச் சொல்லுங்கள்.

திரைக்கு நாலு முழ ஒற்றை வேட்டி போதும். எட்டு முழத்தை மடித்துக் கட்டினால் வெளிச்சம் செத்துவிடும். அரை அங்குல பிவிசி குழாயில் ஆறடிக்கு நாலடி சட்டம் செய்து, வேட்டியை ஈரத்தோடு இஸ்திரி போட்டு, துணிக் கிளிப்பால் விறைப்பாக மாட்ட வேண்டும்.

விளக்குக்குக் கைப்பேசி டார்ச்சே நல்லது. பல எல்இடி முத்துக்கள் உள்ள டார்ச், ஒவ்வொரு முத்துக்கும் ஒரு நிழல் போட்டு உருவத்தைக் குழப்பிவிடும். கைப்பேசிகள் இரண்டு வேண்டும். அந்திக்கான கைப்பேசியைத் திரைமேல் அடிக்கக் கூடாது. பின்சுவரில் ஒட்டிய வெள்ளை மணிலா அட்டைமேல் அடித்தால், திரும்பி வரும் வெளிச்சம் திரை முழுவதும் சாம்பலாகப் பரவும். அந்த வெளிச்சத்தில் பொம்மை துணியைத் தொட்டால்தான் உருவம் தெரியும். ஒரு முழம் பின்னால் போனால் கரைந்துவிடும். ஒபாதாலா எங்கிருந்தோ மெல்லத் திரண்டு வருவதைக் காட்ட இதுவே வழி.

பொம்மைகளை மணிலா அட்டையில் வெட்டிச் சாத்தே சுடும் மூங்கில் குச்சியில் ஒட்டலாம். ஒபாதாலா ஒரு சாண் உயரம் இருக்கட்டும். அவர் வெள்ளாடைத் தெய்வம். அட்டையை அப்படியே வெட்டினால் ஆடை கறுப்பாக விழும். ஆடைப் பகுதியை விளிம்பு மட்டும் விட்டுக் குடைந்தெடுத்து, பின்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டுங்கள். உடம்பு கறுப்பாகவும் ஆடை ஒளியாகவும் தெரியும். இஃபேயில் இன்றும் அவருக்கு வழிபாடு உண்டு. கேலிச்சித்திரமாக வரையாமல், நம் சாமியை எப்படி வரைவோமோ அப்படி வரைய வேண்டும்.

கோழிக்கு ஒரு காலைத் தனியாக வெட்டி, தனிக் குச்சியோடு ஆணிப்பொட்டால் மாட்டுங்கள். துளை இறுக்கமாக இருந்தால் கோழி சீய்க்காது, நொண்டும். சங்கிலிக்குப் பேப்பர் கிளிப்புகளைக் கோக்கலாம். திரையின் அடிவிளிம்புக்கு ஒரு சாண் மேலேயே அது முடிய வேண்டும், எட்டாத இடைவெளி பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

மணலை மட்டும் நிஜமாகவே கொட்டுங்கள். மழைக்காலத்தில் வீட்டு ஓரங்களில் கிடைக்கும் பெரிய நத்தை ஓடு, காலியானதாகப் பார்த்து, கையுறை போட்டு எடுங்கள். அந்த நத்தைகள் மூளையைத் தாக்கும் புழுவைச் சுமக்கக்கூடியவை. உயிருள்ளதைத் தொட வேண்டாம். ஓட்டைக் கொதிநீரில் போட்டுத் தேய்த்துக் காயவையுங்கள். ஆற்று மணல் அரைக் கிண்ணம் சலித்து, வாணலியில் வறுத்து ஆறவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் கட்டியாகத்தான் விழும். இந்தக் கட்டத்தில் ஒபாதாலாவை விலக்கிவிட்டு, திரைக்கு ஒட்டினாற்போல் நத்தை ஓட்டை மட்டும் பிடித்துச் சாய்த்துவிடுங்கள். மணல் மெல்லிய கோடாக இறங்கும். கீழே தட்டு வைக்க மறக்காதீர்கள்.

சூரியனுக்கென்று பொம்மை வேண்டாம். இரண்டாவது கைப்பேசியை ஒரு மீட்டர் கழியில் கட்டி, திரைக்குப் பின்னால் ஆறடி தள்ளி, வில்லாக வளைத்துக் கொண்டுபோனால் வேட்டி வழியே தெரியும் ஒளிப்பொட்டே சூரியன். நாற்பது வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். செம்பனையைத் திரையிலிருந்து ஒரு சாண் பின்னால் பிடித்தால், விளக்கு ஓரத்தில் இருக்கும்போது நிழல் எதிர்ப்பக்கம் நீளும், நடுவுக்கு வரும்போது சுருங்கும். மண்டபத்தின் நிஜக் கிழக்கிலிருந்தே சூரியன் எழட்டும். பின்னால் நிற்பவருக்கு இடம் வலம் மாறித் தெரியும் என்பதால் சட்டத்தில் "கிழக்கு" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

தாளத்துக்கு உடுக்கை. யொரூபாவின் துண்டுன் மத்தளமும் இடை சுருங்கியது, கயிற்றை அழுத்தினால் சுருதி ஏறும்; அவர்கள் மொழியின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பேசும். கோயில் உடுக்கை என்றால் பூசாரி ஐயாவிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

எட்டு மணிக்குத் தொடங்குங்கள். அதற்குள் மாலைப் பாங்கு முடிந்திருக்கும், வெளியிலும் நன்றாக இருட்டியிருக்கும். யொரூபாவில் "ஆலோ ஓ!" என்று கூப்பிட்டு, கூட்டம் "ஆலோ!" என்று பதில் கொடுத்துத் தொடங்குவது விடுகதைக்கும் கட்டுக்கதைக்கும் உரியது. உலகம் பிறந்த கதை "இதான்", அதாவது நடந்ததாக நம்பப்படும் வரலாறு. ஆகவே முதலில் ஒரு விடுகதைக்கு அந்தக் கூப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள்: "மெல்லிய கோல், வானத்தையும் தொடும் மண்ணையும் தொடும், அது என்ன?" விடை மழை. பிள்ளைகள் சொன்னதும் உடுக்கை ஒருமுறை அதிரட்டும். பிறகு கூப்பாடு இல்லாமல், குரலைத் தாழ்த்தி, அந்தி விளக்கோடு கதை.

சூரியன் சாயும்போது அந்தி விளக்கு அணைந்திருக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுவதால் இரவே வருவதில்லை. டார்ச்சைப் பட்டென்று அணைக்காமல், உள்ளங்கையால் மூடிக்கொண்டே மேசைக்குக் கீழே இறக்குங்கள். இருட்டு பத்து வினாடி இருக்கட்டும். மண்டப விளக்கின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆளை முன்கூட்டியே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் யாராவது ஓர் அம்மா குழந்தை பயந்துவிடும் என்று உடனே போட்டுவிடுவார்.