பழைய நகரத்தைப் பற்றி ஆய்வுக்கட்டுரை: எழுத உட்காரும் முன்பே சறுக்கும் இடங்கள்

எம்.ஏ. படிக்கும்போது ஆய்வுக்கட்டுரைக்கு நான் முதலில் எழுதிக்கொண்டு போன தலைப்பு 'சோழர் காலக் கட்டடக்கலையும் நகர அமைப்பும்'. பேராசிரியர் தாளை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "நானூறு வருஷத்தையும் நீயே எழுதி முடிச்சிடப் போறியாப்பா?" என்று கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்போது கோபம் வந்தது. இப்போது யாராவது முன்வரைவைப் படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தால், பாதிக்கு மேல் அந்தத் தலைப்பின் தம்பி தங்கைகளாகத்தான் இருக்கின்றன: 'பல்லவர் கோயில்கள் ஓர் ஆய்வு', 'சங்க கால நகரங்கள்', 'தஞ்சைப் பெரிய கோயிலின் சிறப்புகள்'.

இந்தக் கடைசித் தலைப்புதான் இருப்பதிலேயே மோசம். சிறப்பு என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டால் முடிவு வந்துவிட்டது, அப்புறம் ஆராய என்ன இருக்கிறது? விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது வரை எல்லாம் உள்ளே வந்து சேரும். மாலை நாலு மணிக்குக் கோயிலுக்குள் போய் நின்றவர்களுக்கு நிழல் எங்கே விழுகிறது என்று தெரியும், பாதிப் பேர் அதில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

தஞ்சாவூரைத்தான் எடுப்பேன் என்றால் தாராளமாக எடுங்கள், ஆனால் கேள்வியைச் சின்னதாக்குங்கள். கோயிலைப் பற்றி எழுத ஆசைப்படுகிறவர்கள் ஏராளம், கோயில் நின்ற ஊரைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. இத்தனைக்கும் ஊரைப் பற்றிய செய்தி கோயில் சுவரிலேயே இருக்கிறது. முதலாம் இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடிப்பாடும் பெண்களைக், கொண்டுவந்து குடியமர்த்தியதைச் சொல்லும் நீளமான கல்வெட்டு ஒன்று உண்டு. ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், இப்போது எந்தத் தளிச்சேரியில் (கோயிலைச் சேர்ந்த குடியிருப்பில்) இருக்கிறாள், தென்சிறகிலா வடசிறகிலா, எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். சிறகு என்றால் தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசை. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். இது போக, நகரத்தை உள்ளாலை (உள்நகரம்), புறம்படி (வெளிநகரம்) என்று பிரித்துச் சொல்லும் குறிப்புகள், சாலியத்தெரு, மடைப்பள்ளித்தெரு, ஆனைக்கடுவார் தெரு, திரிபுவனமாதேவிப் பேரங்காடி என்று தெருவும் கடைவீதியுமாகப் பெயர்கள். 'அந்தத் தளிச்சேரி எத்தனை வீடு நீளம், கோயிலுக்கு எந்தெந்தப் பக்கம் இருந்திருக்கும்?' என்று ஒரு கேள்வியை வைத்துப் பாருங்கள். இருபது பக்கத்துக்குத் தாங்கும். பதில் முழுசாகக் கிடைக்காமல் போனாலும் ஏன் கிடைக்கவில்லை என்பதை எழுதலாம், அதுவும் ஆய்வுதான்.

அடுத்த சறுக்கல், ஒரு கட்டடத்துக்கு ஒரே ஒரு தேதி உண்டு என்று நினைத்துக்கொள்வது. பெரிய கோயில் 1010இல் கட்டி முடிந்தது என்று எழுதிவிட்டு, கீழே போட்டிருக்கும் படம் பெரிய நந்தி. அந்த நந்தி நாயக்கர் காலத்தது. சுப்பிரமணியர் கோயிலும் நாயக்கர் காலத்தது. அம்மன் கோயில் பாண்டியர் காலத்தில் வந்தது. நீங்கள் உள்ளே நுழைகிற முதல் வாசல் மராட்டியர் காலத்தது, அதைத் தாண்டிய பிறகுதான் சோழர் கட்டிய கேரளாந்தகன் வாயிலும் இராசராசன் வாயிலும் வருகின்றன. கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல்தான் கண்டுபிடித்தார்கள். ஆக, திட்டமிடும்போதே ஒரு தாளில் வளாகத்தின் வரைபடத்தைப் போட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் காலவாரியாக ஒரு வண்ணம் தீட்டிவிடுங்கள். இந்த ஒரு வேலை பின்னால் வரப்போகிற பத்துத் தவறுகளை மிச்சம் பிடிக்கும். பெயரிலும் இதே கதைதான்: கட்டியவன் வைத்த பெயர் இராசராசீச்சரம், பிரகதீசுவரர் என்பது பிற்காலப் பெயர். 'இராசராசன் கட்டிய பிரகதீசுவரர் கோயில்' என்று எழுதுவது குற்றமில்லை, ஆனால் அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்லி அதிலிருந்து இராசராசனின் மனசைப் படிக்கப் போகாதீர்கள்.

சரி, சுவரில் கல்வெட்டு இருக்கிறதே, அதன் தேதிதானே சுவரின் தேதி? இல்லை. இதில் நானே விழுந்திருக்கிறேன். பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி பல செங்கல் கோயில்களைக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக, மாற்றிக் கட்டினார். பழைய சுவர் போனால் அதில் இருந்த தானக் கணக்கும் போய்விடும் அல்லவா, அதனால் திருக்கோடிகாவலில் பழைய கல்வெட்டுகளைப் படி எடுத்துப் புதிய சுவரில் திரும்ப வெட்டச் சொன்னார். 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று கல்லிலேயே குறிப்பு இருக்கிறது. அந்த ஒரு வரியைக் கவனிக்காமல் மன்னன் பெயரை மட்டும் பார்த்தால், கோயிலுக்கு நூறு வருஷம் கூடுதலாக வயது கொடுத்துவிடுவீர்கள். எழுத்தின் வடிவத்தைப் பாருங்கள், அதிட்டானத்தை, அதாவது கட்டடத்தின் அடிப்பீடத்தைப் பாருங்கள், தூணின் மேல் உத்தரத்தைத் தாங்கும் போதிகையைப் பாருங்கள். எதற்கும் கல்வெட்டு ஒரு சாட்சி மட்டும்தான், தீர்ப்பு இல்லை.

மன்னன் பெயரிலும் ஒரு வழுக்கல் உண்டு. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டவர்கள். 'கோப்பரகேசரிவர்மற்கு யாண்டு' என்று மட்டும் இருந்தால் அது பல பேரில் யாராகவும் இருக்கலாம். கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னன் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் 'காந்தளூர்ச்சாலைக் கலமறுத்து' என்று வந்தால் இராசராசன், 'திருமன்னி வளர' என்று தொடங்கினால் முதலாம் இராசேந்திரன் என்று கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம். ஆட்சி ஆண்டைக் கூட்டுவதிலும் கவனம் வேண்டும். இராசராசன் பட்டம் ஏறியது 985இன் நடுவில். முதல் ஆண்டு என்பதே 985-86தான். 25ஆம் ஆண்டு 275ஆம் நாள் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்குக் கலசம் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு 1010இல் விழுவது, 985-உம் 25-உம் கூட்டினால் 1010 என்பதால் இல்லை. 1009 நடுவில் தொடங்கிய ஆண்டின் கடைசிப் பகுதி அது. அதே ஆண்டின் பத்தாம் நாள் என்றிருந்தால் 1009 என்று எழுத வேண்டியிருக்கும்.

இலக்கியத்தை நில அளவை வரைபடமாகப் படிப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், தமிழ் படித்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு இது ரொம்பப் பிடித்த தவறு. சிலப்பதிகாரம் புகாரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று பிரித்து, நடுவே நாளங்காடியை வைக்கிறது. அதை அப்படியே பூம்புகார் கடற்கரையின் மேல் வைத்துக் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். மண்ணுக்கு அடியில் கிடைத்தது வேறு மாதிரியான செய்தி: கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை, பல்லவனேசுவரத்தில் பௌத்த விகாரை. இரண்டையும் எதிர் எதிரே வைத்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே போகவில்லை, காப்பியம் எழுதப்பட்ட காலத்துக்கும் அந்தச் செங்கல்லின் காலத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பேசினால் கட்டுரை. ஒன்றை வைத்து மற்றதை நிரூபித்துவிட்டு, பிறகு அதையே திருப்பிப் போட்டு இதை நிரூபித்தால் அது செக்கு சுற்றுவது.

மதுரையில் இது இன்னும் நைசாக நடக்கும். தாமரைப்பூப் போல அடுக்கிய ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் என்றதும் அப்படியே சங்க காலத்துக்குப் பறந்துவிடுகிறோம். இன்று நாம் பார்க்கிற அந்த அமைப்பில் பெரும்பங்கு 16ஆம் நூற்றாண்டு விசுவநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. வெளி வீதிகளோ, 1840களில் பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்ததால் வந்தவை. மதுரை பழைய ஊர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை; கூகுள் வரைபடத்தில் தெரிகிற கட்டம் அவ்வளவு பழையதா என்பது தனிக் கேள்வி. அதைக் கேட்டால் ஊர்ப் பெருமைக்குக் குறைச்சல் வந்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

கீழடி என்றால் எல்லோரும் 580 என்ற எண்ணைச் சொல்வார்கள். மாநிலத் தொல்லியல் துறையின் 2018ஆம் ஆண்டு அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு கரி மாதிரிதான் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன், அதாவது கி.மு.) 580க்குப் போகிறது. 200 செ.மீ. ஆழத்தில் எடுத்த இன்னொன்று பொ.ஆ.மு. 205. அதாவது ஆழத்துக்கு ஒரு காலம். படத்தில் அழகாகத் தெரிகிற செங்கல் கட்டுமானம் எந்த அடுக்கில் நிற்கிறது, தேதி கிடைத்த கரி எந்தக் குழியில் எந்த அடுக்கில் இருந்தது என்று அறிக்கையில் தேடிப் பார்க்காமல், முழு ஊருக்கும் ஒரே தேதியை மாட்டிவிடுவதுதான் அங்கே நடக்கிற தவறு. எண்ணைச் சொல்லும்போது ஆழத்தையும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.

பழைய அறிக்கையோடு நின்றுவிடுவதும் உண்டு. புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டை 1945இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார், ரோமானிய வணிகத்தோடுதான் அந்த ஊரே தலையெடுத்தது என்ற மாதிரி எழுதினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் திரும்பத் தோண்டி, ரோமானியப் பொருள் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்று காட்டிவிட்டார்கள். ஆனாலும் வீலரோடு முடிந்துபோகிற கட்டுரைகள் இன்னும் வருகின்றன, ஏனென்றால் அவர் எழுத்து படிக்கச் சுகமாக இருக்கும்.

நூலக வேலையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். கல்வெட்டு ஆண்டறிக்கையில் இருப்பது கல்வெட்டின் சுருக்கம், பாடம் (முழு வாசகம்) இல்லை. 'நிலக்கொடை' என்று அங்கே ஒரு சொல்லில் முடித்திருப்பார்கள். மூலத்தில் அந்த நிலத்தின் நான்கு எல்லையும், வாய்க்காலும், பக்கத்துத் தெருவும் இருக்கும். நகரத்தைத் தேடுகிறவருக்கு வேண்டியது அந்த எல்லைதான். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் முழுப் பாடம் அச்சாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த மைப்படியைத் தேட வேண்டும், அதற்கு மாதக்கணக்கு ஆகும், அதைத் திட்டத்தில் எழுதி வையுங்கள். குறிப்பு எடுக்கும்போதே பக்க எண்ணையும் எழுதிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, சமர்ப்பிப்பதற்கு முந்தின நாள் இரவு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

களப்பயணம். டெல்டாப் பக்கம் போவதாக இருந்தால் ஐப்பசி கார்த்திகையில் போடாதீர்கள். நான் போட்டேன். அகழாய்வுக் குழியைப் பார்க்கப் போன இடத்தில் தார்ப்பாயும் தண்ணீரும்தான் இருந்தன. மழை இல்லாத காலத்திலும் பருவம் முடிந்ததும் குழியை மூடிவிடுவது வழக்கம், அதனால் தோண்டும்போது போக வேண்டும். பூசை நடக்கும் சின்னக் கோயில்கள் மத்தியானம் சாத்திவிடும், திறக்க நாலு மணி ஆகும், அதற்குள் உங்கள் வெளிச்சம் பாதி போய்விடும். கல்வெட்டு படிக்கச் சாய்ந்த வெயில் வேண்டும், எனவே காலையிலேயே போய்விடுவது நல்லது. அலைபேசிக்கும் படமெடுக்கவும் தடை உள்ள கோயில்களில் முன்னாடியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள். வாசலில் நின்று கெஞ்சி உள்ளே போகிற வித்தை எல்லா நாளும் பலிக்காது. கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் வரைபடத்தைப் பார்த்தால் மேடு, குட்டை, ஏந்தல் என்று புலப்பெயர்கள் இருக்கும். கோட்டை அகழி எங்கே போனது என்பதற்கு இதைவிட மலிவான துப்பு கிடைக்காது. பெயரை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, கட்டுரையின் எல்லையை நினைவுச்சின்னத்தின் வேலியோடு நிறுத்திக்கொள்வது. கங்கைகொண்ட சோழபுரம் போகிறவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இராசேந்திரன் அங்கே எழுப்பியது ஒரு தலைநகரம், பின்வந்த சோழர்களும் அங்கிருந்துதான் ஆண்டார்கள். கோயிலுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 2 கி.மீ. தூரத்தில் மாளிகைமேடு, 1980களில் இருந்து மாநிலத் தொல்லியல் துறை அங்கே தோண்டி அரண்மனையின் செங்கல் சுவர்களை வெளியே கொண்டுவந்திருக்கிறது. பக்கத்தில் உட்கோட்டை என்றே ஓர் ஊர். சற்றுத் தள்ளிச் சோழகங்கம் ஏரி, இப்போது பொன்னேரி. நகரம் இவ்வளவு தூரம் பரவிக் கிடக்கிறது, கட்டுரையில் மட்டும் ஒரு விமானம் நிற்கிறது.

கோயிலின் மதில் எங்கே என்று கேட்டால் இன்னும் தெற்கே போக வேண்டும். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது அந்த மதிலைப் பிரித்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். கும்பகோணத்திலிருந்து பேருந்தில் போனால் அணைக்கரையில் அந்த அணையைக் கடந்துதான் போக வேண்டும். ஜன்னல் பக்கம் இடம் பிடித்து உட்காருங்கள், உங்கள் களப்பயணம் கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே அங்கே தொடங்கிவிடும்.