பர்ஸோடு ஆதாரும் போய்விட்டால்: அடையாள அட்டை இல்லாமல் ஏடிஎம் கார்டை மீட்பது எப்படி

பர்ஸ் தொலைந்தால் ஏடிஎம் கார்டு மட்டும் போவதில்லை. ஆதார், லைசென்ஸ், பான் கார்டு என்று நம் பெயர் போட்ட அத்தனையும் அதற்குள்தான் இருக்கும். வங்கிக்கு ஓடினால் "ஐடி ப்ரூஃப் கொண்டு வாங்க" என்பார்கள். அந்த ஐடி ப்ரூஃப்தானே பர்ஸோடு போனது! இந்த முடிச்சில் மாட்டி இரண்டு மூன்று நாள் அலைபவர்கள் நிறையப் பேர். வரிசை தெரிந்தால் அலைச்சல் பாதியாகக் குறையும். முதலில் கார்டை முடக்க வேண்டும். அதற்கு எந்த அட்டையும் தேவையில்லை. அடுத்து ஆதாரைத் திரும்ப எடுக்க வேண்டும். வங்கிப் படியேறுவது மூன்றாவது வேலை.

முதல் பத்து நிமிடம்

தேடிப் பார்த்துவிட்டு முடக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கார்டில் வைஃபை போன்ற வளைகோட்டுக் குறி இருந்து, அந்த வசதியும் திறந்திருந்தால், கடை மெஷினில் தட்டினாலே 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காமல் போய்விடும். 2021 ஜனவரி முதல் இந்த வரம்பு நடப்பில் இருக்கிறது. பின் நம்பர் யாருக்கும் தெரியாது என்ற தைரியம் இங்கே உதவாது.

கார்டு வீட்டிலேயே எங்காவது கிடக்கும் என்று உறுதியாகத் தோன்றினால், வங்கி ஆப்பில் கார்டு பக்கத்துக்குப் போய்த் தற்காலிகமாக அணைத்து வையுங்கள். கிடைத்ததும் திறந்துகொள்ளலாம். பஸ்ஸிலோ கடைத்தெருவிலோ தொலைந்திருந்தால் நிரந்தரமாக முடக்குங்கள். இதை வங்கிக்காரர்கள் ஹாட்லிஸ்ட் என்பார்கள். ஹாட்லிஸ்ட் செய்த கார்டு அரைமணி நேரத்தில் கையில் கிடைத்தாலும் அதற்கு உயிர் வராது, புதுக் கார்டுதான். அதற்காகத் தயங்க வேண்டாம். புதுக் கார்டுக்கான செலவு சில நூறு ரூபாய்தான்.

முடக்க மூன்று வழி உண்டு: ஆப், எஸ்எம்எஸ், இலவச போன் எண். ஸ்டேட் வங்கி வாடிக்கையாளர் என்றால், பதிவு செய்த மொபைலிலிருந்து ஆங்கிலத்தில் பிளாக் (BLOCK) என்று எழுதி, ஓர் இடம் விட்டு, கார்டின் கடைசி நான்கு எண்களைச் சேர்த்து 567676-க்கு அனுப்பலாம். 1800 1234 அல்லது 1800 2100-ஐ அழைக்கலாம். கடைசி நான்கு எண் நினைவில்லையா? கார்டு போட்டுப் பணம் எடுத்தபோது வந்த பழைய எஸ்எம்எஸ்ஸில் இருக்கும். அதிலேயே கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் வரலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான எண்ணை அனுப்பிவிட்டு, முடக்கியாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. "கார்டு முடக்கப்பட்டது" என்று பதில் வந்தால்தான் வேலை முடிந்தது.

மற்ற வங்கிகளின் எண்ணைப் பாஸ்புக்கின் உள்பக்கத்திலோ வங்கியின் சொந்தத் தளத்திலோ பாருங்கள். கூகுளில் "கஸ்டமர் கேர்" என்று தட்டி முதலில் வரும் எண்ணை அழைப்பதுதான் இந்த விஷயத்தில் மிக ஆபத்தான காரியம். பதற்றத்தில் இருப்பவரைக் குறிவைத்தே போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். வங்கியின் தளம்தானா என்று பார்க்க ஓர் அடையாளம் இருக்கிறது: ரிசர்வ் வங்கி உத்தரவின்படி, இந்திய வங்கிகளின் தள முகவரி இப்போது 'டாட் பேங்க் டாட் இன்' (.bank.in) என்று முடியும்.

பதிவு செய்த மொபைலிலிருந்து அழைத்தால் பெரும்பாலும் கணக்கு எண்ணும் பிறந்த தேதியும் போதும். வேறு போனிலிருந்து அழைத்தால் அம்மா பெயர், கடைசியாக எடுத்த தொகை, எந்தக் கிளை என்று நான்கைந்து கேள்வி வரும். பதில் சொல்லுங்கள். ஆனால் பேசுகிறவர் பின் நம்பரையோ, கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்கத்தையோ, ஓடிபியையோ சொல்லச் சொன்னால் உடனே போனை வைத்துவிடுங்கள்.

முடக்கியதும் ஒரு புகார் எண் தருவார்கள். அந்த எண்ணையும் மணி நிமிடத்தையும் எழுதி வையுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் வெளியிட்ட சுற்றறிக்கையின் சாரம் இதுதான்: நம் கவனக்குறைவால் (பின் நம்பரை எழுதிக் கார்டோடு வைத்திருந்தது போல) பணம் போனால், தகவல் சொல்லும் வரையிலான நஷ்டம் நம்முடையது, சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. 9.40-க்குச் சொன்னீர்களா, 10.10-க்குச் சொன்னீர்களா என்பது பல ஆயிரம் ரூபாய் விஷயமாகிவிடலாம். ஏற்கெனவே பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐயும் உடனே அழைத்துப் பதிவு செய்யுங்கள்.

ஆதாரைத் திரும்ப எடுப்பது

பிளாஸ்டிக் அட்டை போனால் ஆதார் போய்விட்டதாக அர்த்தமில்லை. ஆதாரில் இணைத்த மொபைல் கையில் இருந்தால், மைஆதார் தளத்தில் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்து இ-ஆதாரை இறக்கிக்கொள்ளலாம். அச்சு அட்டைக்கு உள்ள அதே மதிப்பு இதற்கும் உண்டு. ஃபைலைத் திறக்கும் பாஸ்வேர்ட், ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்து பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருடம். ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே போட வேண்டும். இனிஷியல் முன்னால் இருந்தால் அதுவும் புள்ளியும் எண்ணிக்கையில் சேரும். பாஸ்வேர்ட் திறக்கவில்லை என்றால் முதலில் இந்த இனிஷியலைத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணே நினைவில்லை என்றால் அதே தளத்தில் மறந்த எண்ணை மீட்கும் பகுதி இருக்கிறது. பெயரும் இணைத்த மொபைலும் போதும். வீட்டில் பழைய ஜெராக்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். மொபைலே இணைக்கவில்லை, அல்லது பழைய நம்பர் கைமாறிவிட்டது என்றால் ஆதார் மையத்துக்கு நேரில் போக வேண்டும். கைரேகை வைத்தால் சிறு கட்டணத்தில் அங்கேயே அச்செடுத்துத் தருவார்கள். புது மொபைல் எண்ணையும் அப்போதே இணைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஆதார் உதவி எண் 1947.

லைசென்ஸ், பான் இரண்டையும் அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் எடுக்கலாம். வாக்காளர் அட்டையின் மின்வடிவை 2021 முதல் தேர்தல் ஆணையத் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: வங்கி அடையாள ஆவணமாக ஏற்கும் பட்டியலில் பாஸ்போர்ட், லைசென்ஸ், ஆதார், வாக்காளர் அட்டை, நூறுநாள் வேலை அட்டை இவை உண்டு. ரேஷன் ஸ்மார்ட் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய், திருப்பி அனுப்பினால் அது மேலாளரின் குற்றமில்லை. நூறுநாள் வேலை அட்டை வீட்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும், அது செல்லும்.

போனும் சேர்ந்தே போயிருந்தால் வேலை கொஞ்சம் நீளும். முதலில் ஆதார் மையம், பிறகு அந்த அச்சோடு சிம் கடை. டூப்ளிகேட் சிம் உயிர் பெற்ற பிறகும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. மோசடியாகச் சிம் மாற்றிப் பணம் எடுப்பதைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. ஓடிபி வரவில்லை என்று பதறாமல் மறுநாள் வரை பொறுங்கள்.

போலீஸ் புகார்? கார்டுக்காக மட்டும் பெரும்பாலான வங்கிகள் கேட்பதில்லை. லைசென்ஸ் போன்ற ஆவணங்கள் தொலைந்ததற்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கையை இலவசமாகப் பதிந்து அச்செடுக்கலாம். திருட்டு என்று தெரிந்தால் மட்டும் ஸ்டேஷனுக்குப் போய் சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான ரசீது) வாங்குங்கள்.

கிளையில்

கணக்கு தொடங்கிய கிளைக்கே போங்கள். வேறு கிளையிலும் விண்ணப்பம் வாங்குவார்கள், ஆனால் உங்கள் முகமும் கணக்கு தொடங்கிய படிவமும் இருப்பது அங்கேதான். பாஸ்புக், இரண்டு போட்டோ, இ-ஆதார் அச்சு, புகார் எண் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மாதத்தின் முதல் வாரத்தையும் திங்கட்கிழமைக் காலையையும் தவிர்த்தால், கவுன்டரில் இருப்பவருக்கு உங்கள் பேச்சைக் கேட்க நேரம் இருக்கும்.

அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். கணக்கு எண்ணைத் தட்டியதும் அதிகாரியின் திரையில் நீங்கள் அன்று போட்ட கையெழுத்து வரும். பெரும்பாலும் போட்டோவும் கூடவே வரும். நீங்கள் கொடுத்த படிவத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக் கோட்டுக்குக் கோடு ஒப்பிடுவார். பத்து வருடம் முன் முழுப் பெயரைத் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டவர் இன்று ஆங்கிலத்தில் சுழித்துப் போட்டால் அங்கேயே நிற்கும். பழைய கையெழுத்தை நினைவுபடுத்தி நாலைந்து முறை எழுதிப் பார்த்துவிட்டுப் போங்கள். சுத்தமாக வரவில்லை என்றால் மறைக்காமல் சொல்லி, கையெழுத்தை மாற்றும் விண்ணப்பத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

கிளையில் தனிப் படிவம் இல்லையென்றால் இந்த அளவு கடிதம் போதும்:

"மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். என் சேமிப்புக் கணக்கு எண் (…). இந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு (தேதி) அன்று (இடம்) அருகே தொலைந்துவிட்டது. அன்றே (நேரம்) மணிக்கு முடக்கிவிட்டேன். புகார் எண் (…). என் மொபைல் எண்ணும் முகவரியும் மாறவில்லை. புதுக் கார்டு வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முகவரி மாறியிருந்தால் கடைசிக்கு முந்தைய வரியை அப்படியே எழுதிவிடாதீர்கள். முதலில் முகவரியைத் திருத்துங்கள். கார்டு ஸ்பீட் போஸ்ட்டில் பழைய வீட்டுக்குப் போய், ஆள் இல்லை என்று திரும்பி வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவது இதனால்தான். அவசரம் என்றால் "பெயர் அச்சிடாத கார்டு இருக்கிறதா?" என்று கேளுங்கள். பல கிளைகளில் கையிருப்பு இருக்கும், அன்றே கிடைத்துவிடும்.

இரண்டு வருடமாகக் கணக்கில் எந்த வரவு செலவும் செய்யாமல் இருந்தால் அது செயலற்றதாகியிருக்கும். அதைக் கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணங்கள்) கொடுத்து எழுப்பிய பிறகுதான் கார்டு.

கார்டு வரும்வரை பணத்துக்கு

பாஸ்புக் இருந்தால் உங்கள் கிளையில் பணம் எடுக்கும் படிவம் எழுதி எடுக்கலாம். போன் இருந்தால், யுபிஐ வழியாகப் பணம் தரும் ஏடிஎம்களில் திரையில் வரும் க்யூஆரை ஸ்கேன் செய்து எடுக்கலாம், கார்டு வேண்டாம். யுபிஐ பின் மறந்திருந்தாலும், உங்கள் வங்கி அந்த வசதியைத் தந்திருந்தால், ஆதார் ஓடிபி கொண்டு புதிதாக வைத்துக்கொள்ளலாம்.

போனும் இல்லை, பாஸ்புக்கும் இல்லை என்றால் கைரேகை இருக்கிறது. கிராமங்களில் வங்கியின் சேவை முகவர்களிடமும், தபால்காரரிடமும், ஆதார் எண்ணைச் சொல்லி விரலை வைத்தால் பணம் எடுக்கலாம். அட்டையே தேவையில்லை, எண் போதும். கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். சிமென்ட், சுண்ணாம்பு வேலை பார்ப்பவர்களுக்குக் கட்டைவிரல் ரேகை தேய்ந்து மெஷின் ஏற்காது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு மோதிர விரலை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் எடுக்கும். ரசீதில் உள்ள தொகையும் கையில் வந்த தொகையும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போகட்டும். விரலை வைக்கச் சொல்லி, "ஏறவில்லை, மறுபடி வைங்க" என்று இரண்டு முறை எடுக்கும் அநியாயம் நடக்கிறது.

புதுக் கார்டு வந்ததும்

உறை பிரிந்திருந்தால் வாங்காதீர்கள். பின் நம்பரை ஏடிஎம்மிலேயே ஓடிபி மூலம் வைக்கலாம். புதுக் கார்டில் ஏடிஎம்மும் கடை மெஷினும் மட்டுமே வேலை செய்யும். ஆன்லைன், தட்டிச் செலுத்துவது, வெளிநாடு மூன்றும் அணைந்தே வரும். 2020-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி அது. கார்டு பழுது என்று நினைத்து மறுபடி கிளைக்கு ஓட வேண்டாம்; தேவையானதை மட்டும் ஆப்பில் திறந்துகொள்ளுங்கள். பழைய கார்டில் ஓடிக்கொண்டிருந்த மாதச் சந்தாக்கள் நின்றுபோயிருக்கும். அவற்றைப் புதுக் கார்டில் மீண்டும் பதிய வேண்டும்.

எல்லாம் கொடுத்தும் கிளை இழுத்தடித்தால், சீல் வாங்கிய பிரதியை வைத்து வங்கியிலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, விவரத்துக்கு 14448.

தொலைந்த பர்ஸ் பிற்பாடு கிடைத்தால், பழைய கார்டைச் சிப்பின் நடுவிலும் பின்புறக் கறுப்புப் பட்டையின் குறுக்கிலும் வெட்டி, துண்டுகளை வெவ்வேறு குப்பையில் போடுங்கள்.